ஆஸ்டின் செவன் ஃப்ளைவீலை எவ்வளவு கடையலாம்?

பழைய கார் என்ஜினைப் பிரித்து மேசைமேல் பரப்பிய எவருக்கும் அந்தக் கனத்த ஃப்ளைவீலைப் பார்த்ததும் கை பரபரக்கும். லேத்தில் ஏற்றி விளிம்பில் கொஞ்சம் கடைசல் பிடித்தால் போதும், வண்டி துள்ளிக்கொண்டு ஓடும் என்று பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். கேம் ஷாஃப்ட் மாற்றுவதைவிட இதற்குச் செலவு குறைவு. புது கார்புரேட்டர் தேடி அலைய வேண்டியதில்லை. பலனும் முதல் தெருவைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். எதிர்த்தரப்பின் வாதமும் அதே அளவு பழையது: சக்கரத்தின் கனம் காரணத்தோடு வைக்கப்பட்டது, அதைக் குறைத்தால் புறப்படும்போதெல்லாம் என்ஜின் நின்றுபோகும், கிளட்ச் கருகும், பொல்லாத நேரம் வந்தால் சக்கரமே சிதறும். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. எது எந்த வண்டிக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே கேள்வி. வெட்டி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே லேத் பட்டறைக்குப் போகும் முன்பே இதற்கு விடை தேடிவிட வேண்டும்.

இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் வண்டி பிரிட்டனின் ஆஸ்டின் செவன். ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயது வரைவாளரைத் தம் வீட்டிலேயே உட்காரவைத்து, ஹெர்பர்ட் ஆஸ்டின் வரையவைத்த கார் அது. 1922-ல் வெளிவந்தது, 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர், 747 சி.சி., தொடக்கத்தில் ஏறக்குறைய 10 குதிரைசக்தி. பி.எம்.டபிள்யூ. கார் தொழிலில் இறங்கியது இதன் உரிமம் பெற்ற டிக்ஸியோடுதான். பிற்காலத்தில் ஜாகுவாரை உருவாக்கிய வில்லியம் லயன்ஸ் முதலில் உடற்கூடு கட்டிய கார்களில் இதுவும் ஒன்று. காலின் சாப்மனின் முதல் லோட்டஸும் இதன் அடிச்சட்டத்தில் எழுந்ததே. 1930-ல் புரூக்லாண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் சாமி டேவிஸும் மார்ச் பிரபுவும் ஓட்டிய செவன், சராசரி மணிக்கு 83.41 மைல் வேகத்தில், அதாவது ஏறத்தாழ 134 கி.மீ. வேகத்தில் ஓடி வென்றது. இவ்வளவு சிறிய என்ஜினிலிருந்து இவ்வளவு வேகத்தைக் கறந்ததால், இதன் ஒவ்வொரு உறுப்பையும் இழைத்துப் பார்க்கும் மரபு பிரிட்டனில் வேரூன்றியது. 1939-ல் தொடங்கிய 750 மோட்டார் கிளப் அந்த மரபின் பிள்ளை.

ஃப்ளைவீல் கேள்வி இந்தக் காரில் கூர்மையாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இதன் மெலிந்த கிராங்க் ஷாஃப்ட். மற்றது, மிதித்தால் விடுபடும், விட்டால் பிடித்துக்கொள்ளும், நடுவில் எதுவுமில்லாத இதன் கிளட்ச். இரண்டையும் பிறகு விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் கனம் எதற்கு? நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இரண்டு முறைதான் வெடிப்பு நடக்கிறது. வெடிக்கும்போது கிராங்க் முந்துகிறது. அடுத்த சிலிண்டரில் கலவையை அழுத்தும்போது பிந்துகிறது. குயவரின் திகிரி கோலால் சுழற்றிவிட்ட வேகத்தைத் தன் கனத்தில் வைத்துக்கொண்டு மண்ணுக்குச் சீராகக் கொடுப்பதுபோல, ஃப்ளைவீல் வெடிப்பின் மிகுதியை வாங்கி வைத்து அழுத்தத்தின்போது திருப்பித் தருகிறது. அது சேமிக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. நிமிடத்துக்கு 600 சுற்றில் இருப்பதைவிட 3,000 சுற்றில் அதே சக்கரத்தில் 25 மடங்கு ஆற்றல் இருக்கும். ஆகவே, என்ஜின் தள்ளாடாமல் மெதுவாக ஓடுவதற்கு அளந்து செய்த சக்கரம், வேகமாக ஓடும்போது தேவையைவிடப் பல மடங்கு கனமானது. குறைக்கலாம் என்ற வாதத்துக்கு அடிப்படை இதுதான். குறைத்தால் எங்கே வலிக்கும் என்பதையும் இதுவே சொல்லிவிடுகிறது: மெதுவான ஓட்டத்திலும் புறப்பாட்டிலும்.

பலன் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்ப்போம். 250 மி.மீ. விட்டமும் 10 கிலோ எடையும் கொண்ட ஒரு சக்கரத்தை எடுத்துக்கொள்கிறேன். செவன் போன்ற சிறு காருக்கு ஒத்துவரும் உதாரணமே தவிர, எந்தக் குறிப்பிட்ட சக்கரத்தின் அளவும் இல்லை. மையத்திலிருந்து 11 செ.மீ. தள்ளி, விளிம்பை ஒட்டி 2 கிலோவைக் கடைந்து எடுக்கிறோம். முதல் கியரில், பின் அச்சின் பல்விகிதத்தையும் சேர்த்து, என்ஜின் 16 சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று என்றும், பின்சக்கரத்தின் ஆரம் 32 செ.மீ. என்றும் வைத்தால், எடுத்த அந்த 2 கிலோ, வண்டியிலிருந்து சுமார் 60 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். ஓர் ஆளையே இறக்கிவிட்டது மாதிரி. அதே 2 கிலோவை மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் எடுத்திருந்தால் பலன் 12 கிலோ சொச்சம்தான். ஆரத்தின் இருமடி செய்யும் வேலை அது. எடுத்த எடையை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி அதே கணக்கை டாப் கியருக்குப் போடுங்கள். என்ஜின் 5 சுற்றுக்குப் பின்சக்கரம் ஒரு சுற்று என்றால், 60 கிலோவாக இருந்த ஆதாயம் 6 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. கியர் கூடக்கூடப் பலன் தேய்கிறது. சீரான வேகத்தில் போகும்போது பலன் சுத்தமாக இல்லை. ஃப்ளைவீல் சக்தியை உண்டாக்குவதும் இல்லை, தின்பதும் இல்லை. வேகம் மாறும்போது மட்டுமே அது கணக்கில் வருகிறது. கனத்தைக் குறைத்ததால் உச்ச வேகம் கூடியது என்று யாராவது சொன்னால் காரணத்தை வேறு எங்காவது தேட வேண்டும். நீண்ட மேட்டில் ஒரே வேகத்தில் ஏறும் வண்டிக்கும் இதே கதைதான்.

ஆனால் பழைய காரை ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் முடுக்கத்தில் இல்லை, கியர் மாற்றுவதில் இருக்கிறது என்பது என் கருத்து. செவன் காலத்துக் கியர் பாக்ஸில் பெரும்பாலும் சிங்க்ரோமெஷ் கிடையாது. மேல் கியருக்குப் போகும்போது நியூட்ரலில் நிறுத்தி, என்ஜின் வேகம் இறங்கும் வரை காத்திருந்து, பல்லும் பல்லும் ஒரே வேகத்துக்கு வரும் அந்தக் கணத்தில் கம்பியைத் தள்ள வேண்டும். கனத்த ஃப்ளைவீல் உள்ள வண்டியில் அந்தக் காத்திருப்பு நீளம். மேட்டில் ஏறிக்கொண்டிருந்தால் அதற்குள் வண்டியின் வேகமே செத்துவிடும். சக்கரத்தின் கனத்தைக் குறைத்தால் என்ஜின் வேகம் சட்டென்று இறங்கும். கீழ் கியருக்கு வரும்போது ஆக்ஸிலேட்டரைத் தட்டினால் சட்டென்று ஏறும். கை, கால், காது மூன்றும் சேர்ந்து செய்யும் அந்த வேலை இனிமையாகிவிடும். மூன்றே கியர் கொண்ட தொடக்ககாலச் செவனில் கியர்களுக்கு இடையே பள்ளம் பெரிது என்பதால் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும்.

இந்த இடத்தில் கிளட்ச்சைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலர் ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் ஒரே கனமாக எண்ணிவிடுகிறார்கள். கிளட்ச்சில் இரண்டு பாதி உண்டு. மூடியும் பிரஷர் பிளேட்டும் ஸ்பிரிங்குகளும் ஃப்ளைவீலோடு திருகப்பட்டு என்ஜினோடு சுழல்பவை. அவற்றின் கனம் ஃப்ளைவீலின் கணக்கில் சேரும். நடுவில் இருக்கும் கிளட்ச் பிளேட் கியர் பாக்ஸின் பங்கு. கிளட்ச்சை மிதித்தபின்னும் அது கியர் பாக்ஸின் முன்தண்டோடு சுழன்றுகொண்டிருக்கும். மிதித்துக்கொண்டு கியர் போடும்போது பல் உரசுவதற்குக் காரணம் ஃப்ளைவீல் இல்லை, இந்தப் பிளேட்டின் கனம்தான். பெரிய கார்களில் இந்தச் சிக்கல் கண்கூடாகத் தெரிந்தது. 3 லிட்டர் பென்ட்லியில் கூம்பு வடிவக் கிளட்ச். அந்தக் கூம்பு பெரியது, மிதித்தபின்னும் வெகுநேரம் சுழலும். அதனால்தான் அந்தக் காலப் பெரிய வண்டிகள் பலவற்றில், மிதி முழுதும் இறங்கும்போது கிளட்ச்சை உரசி நிறுத்தும் ஒரு சிறு தடையைப் பொருத்தினார்கள். அந்தத் தடையைச் சரியாக முடுக்கிவைப்பதே பாதி கியர் மாற்றம். ஆகவே கியர் இலகுவாக விழ வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், ஃப்ளைவீலில் கைவைக்கும் முன் கிளட்ச் பிளேட்டைப் பாருங்கள். பிற்காலத்தில் யாரோ மாட்டிய கனத்த பிளேட்டை எடுத்துவிட்டு இலகுவான ஒன்றைப் போட்டாலே குறை பாதி தீர்ந்துவிடலாம். அந்த மாற்றத்தை வேண்டாம் என்றால் திரும்பக் கழற்றிவிடவும் முடியும்.

பிரஷர் பிளேட்டைக் கடைவது வேறு விஷயம். அதில் எனக்கு உடன்பாடு குறைவு. வண்டி நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, கிளட்ச் வழுக்கும் நேரத்தில், வண்டி பெறும் இயக்க ஆற்றலுக்கு ஏறக்குறைய இணையான ஆற்றல் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் இரும்பு பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலின் உராய்வு முகமும்தான். சமதரையில் ஒருமுறை புறப்படுவதில் ஆபத்து ஒன்றுமில்லை. மேட்டில் நின்று, ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு மூன்று முறை முயன்று கிளம்பும்போது மெலிந்த பிளேட் வெந்து வளையும். வளைந்த பிளேட் பிடிக்கும்போது வண்டி நடுங்கும். கடைவதானால் ஸ்பிரிங் உட்காரும் இடங்களையும் உராய்வு முகத்தின் பருமனையும் தொடாமல், வேலையில்லாத வெளி ஓரத்தை மட்டும் சிறிது எடுக்கலாம். அதற்குமேல் கிடைக்கும் ஆதாயம் சொற்பம்.

ஸ்பிரிங் பற்றியும் ஒரு சொல். கிளட்ச் வழுக்குகிறது என்று கடினமான ஸ்பிரிங் போடுகிறவர்கள் உண்டு. அந்த அழுத்தம் மிதிக்கும் காலில் மட்டும் தெரிவதில்லை. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கிராங்க்கை நீளவாக்கில் தள்ளி, அதைத் தாங்கும் பேரிங்கைத் தேய்க்கிறது. வழுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பிளேட்டில் கசிந்த எண்ணெய்தான். கசிவை அடைப்பதே மருந்து.

செவனின் கிளட்ச்சுக்கு வருவோம். மிதியின் பயணம் மிகக் குறைவு. புதிதாக ஓட்டுகிறவர்கள் முதல் நாளில் தவளைபோல் குதித்தே புறப்படுவார்கள். பழகியவர்கள் செய்யும் வித்தை, என்ஜினைக் கொஞ்சமே ஓடவிட்டு மிதியைத் தயக்கமின்றி விட்டுவிடுவது. அப்போது வண்டியை நகர்த்துவது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல். நம் உதாரணச் சக்கரம் 1,500 சுற்றிலிருந்து 1,000 சுற்றுக்கு இறங்கினால் சுமார் 535 ஜூல் தருகிறது. 2 கிலோ கடைந்தபின் 370 ஜூல்தான். ஆளோடு 450 கிலோ உள்ள வண்டியை முதல் கியரில் 1,000 சுற்றுக்குரிய வேகத்துக்குக் கொண்டுவர வேண்டிய இயக்க ஆற்றல் 1,000 ஜூலுக்குச் சற்றே குறைவு, வெப்பமாகப் போவது தனி. குறைவை ஈடுகட்ட என்ஜினை அதிகம் முறுக்கி, கிளட்ச்சை அதிக நேரம் வழுக்கவிட வேண்டும். அப்படி வழுக்கவிட இடம் தராத கிளட்ச் அல்லவா இது! இதனால்தான் ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் ஒன்றாகவே முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். கிளட்ச் பழையபடியே இருக்கும் செவனில் ஃப்ளைவீலை ஆழமாகக் கடைந்தால் ஒவ்வொரு சிக்னலும் சோதனையாகிவிடும். கை வைத்துச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கமுள்ளவர்களுக்கும் வேறுபாடு தெரியும்; மெதுவான ஓட்டம் தடுமாறும், அதைத் தணிக்கக் கார்புரேட்டரை ஏற்றிவைக்க நேரும்.

அடுத்தது கிராங்க். செவனின் பெரும்பாலான ஆண்டுகளில் கிராங்க்குக்கு இரண்டே பேரிங், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடு பேரிங் 1936-ல்தான் வந்தது. தொடக்ககாலக் கிராங்க்கின் பெருமுனைப் பகுதி ஒன்றேகால் அங்குலம்கூட இல்லை, ஒன்றேகாலைச் சற்றே தாண்டியதும் பிந்தைய வகைகளில்தான் என்று தோராயமாகச் சொல்லலாம். இரண்டாவது, மூன்றாவது பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அவற்றின் விசை, தாங்கலே இல்லாத நடுப்பகுதியில் விழுகிறது. வேகம் கூடக்கூடக் கிராங்க் வில்லாக வளைகிறது. அந்த வளைவோடு, பின் பேரிங்குக்கும் அப்பால் தொங்கும் ஃப்ளைவீல் ஆட முயலும்போது கிராங்க்கின் வால் பகுதி படாதபாடு படுகிறது. அந்தத் தொங்கு கனத்தைக் குறைப்பது கிராங்க்குக்கு நிம்மதி என்று செவன் வல்லுநர்கள் சொல்வது நியாயமான வாதம்.

ஆனால் இதற்கு மறுபக்கம் உண்டு, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிராங்க்கை முறிப்பது முக்கியமாக பிஸ்டன், கனெக்டிங் ராடுகளின் விசை. அது வேகத்தின் இருமடிக்கு வளர்வது. 3,000 சுற்றிலிருந்து 4,500-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. இலகுவான ஃப்ளைவீல் என்ஜினை அந்த உயரத்துக்கு எளிதாகவும் விரைவாகவும் கொண்டுபோகிறது. ஒரு கியர் தவறினால் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லை தாண்டிவிடும். கிராங்க்கின் தாங்குதிறன் அப்படியே இருக்க, அதை மீறும் வசதியை மட்டும் கூட்டுகிறோம். ஆகவே விரிசல் சோதனை செய்யாத பழைய கிராங்க்கோடு ஃப்ளைவீலைக் கடைவது, வரிசை மாறிய வேலை.

சிதறும் அபாயத்தையும் பயமுறுத்தலாகத் தள்ளிவிடக் கூடாது. சுழலும் விளிம்பின் இழுவிசையும் வேகத்தின் இருமடிக்கே வளர்கிறது. 250 மி.மீ. வார்ப்பிரும்பு வளையம் 5,000 சுற்றில் ஓடினால் விளிம்பு நொடிக்கு 65 மீட்டர் வேகத்தில் போகும். உள்ளே சதுர மில்லிமீட்டருக்கு 31 நியூட்டன் அளவு இழுவிசை. 7,000 சுற்றில் அது 60. நல்ல வார்ப்பிரும்பு இதைத் தாங்கும். ஆனால் நாம் பேசுவது தொண்ணூறு ஆண்டு பழைய வார்ப்பு. கிளட்ச் வெப்பத்தில் வெந்து மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கலாம். அதில் எடை குறைக்கவென்று துளைகள் போட்டால், துளையின் ஓரத்தில் இழுவிசை இரண்டு மூன்று மடங்காகக் குவிகிறது. பெரிய ஆலை என்ஜின்களின் வார்ப்பிரும்புச் சக்கரங்களுக்கு விளிம்பு வேகம் நொடிக்கு 30 மீட்டர் அளவோடு நிற்க வேண்டும் என்று அந்தக் காலப் பொறியாளர்கள் கட்டுப்பாடு வைத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். காரில் இந்தச் சக்கரம் சுழல்வது ஓட்டுநரின் பாதங்களுக்கு அருகில்.

அதனால் துளை போடுவதை நான் ஏற்கவில்லை. எடையைக் கடைசலால் மட்டுமே எடுக்க வேண்டும், அதுவும் விளிம்புப் பக்கத்திலிருந்து, கூரிய மூலைகள் விடாமல் வளைவாக. மையத்தை ஒட்டிய பகுதியைத் தொடக் கூடாது. செவனில் ஃப்ளைவீல், கிராங்க்கின் வாலில் ஒரு டேப்பரில் உட்கார்ந்து நட்டால் இறுக்கப்படுகிறது. சுமையைத் தாங்குவது அந்த டேப்பரின் உராய்வு. கீ வெறும் துணை. டேப்பர் சரியாகப் பொருந்தாவிட்டால் சக்கரம் தளர்ந்து தட்டும், கீ அறுபடும், கிராங்க்கும் பாழாகும். கடைவதற்கு முன் அரைபசை தடவி இரண்டு முகங்களையும் இழைத்துப் பொருத்துவது, எந்த எடைக்குறைப்பையும்விட முக்கியமான வேலை. ஸ்டார்ட்டர் பல்வளையம் தனியாகச் சூட்டில் ஏற்றியதாக இருந்தால் அதன் இருக்கையின் அகலம் குறையக் கூடாது. விளிம்பில் டைமிங் குறிகள் இருந்தால் கடைவதற்கு முன்பே வேறிடத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

உலோகம் எது என்று தெரியாமல் கத்தியை வைக்கக் கூடாது. ஓரத்தில் லேசாக அரைத்துப் பார்த்தால் எஃகு பிரகாசமான, கிளைவிடும் பொறிகளை உதிர்க்கும். வார்ப்பிரும்பின் பொறி மங்கிச் சிவந்து குட்டையாக விழும். லேத்தில் எஃகு சுருள் சுருளாக வரும், வார்ப்பிரும்பு தூளாக உதிரும். வார்ப்பிரும்பாக இருந்து அதிக வேகத்துக்குப் போகும் எண்ணமும் இருந்தால், பழையதைக் கடையாமல் எஃகுத் துண்டிலிருந்து புதிதாகச் செய்துகொள்வதே சரி. அலுமினியச் சக்கரம் எடையில் வெகு இலகு. ஆனால் உராய்வு முகத்துக்கும் மையத்துக்கும் எஃகு பதிக்க வேண்டும், சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரியும். ஊருக்குள் ஓட்டும் வின்டேஜ் வண்டிக்கு அந்தத் தொல்லை தேவையில்லை.

கடைந்தபின் பேலன்ஸ். மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி 10 கிராம் கூடுதலாக இருந்தால் 5,000 சுற்றில் அது 28 கிலோ எடை அளவு விசையோடு கிராங்க்கை உலுக்கும். ஃப்ளைவீலைத் தனியாகவும், பின் கிளட்ச் மூடியைத் திருகி அடையாளம் இட்டு அதனோடு சேர்த்தும் பேலன்ஸ் செய்ய வேண்டும். எடையைக் குறைக்காமல் இதை மட்டும் செய்தாலே பல பழைய என்ஜின்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு மென்மையாகிவிடுகின்றன. பட்டறைக்காரர் இதைச் செய்ய மறந்தால் நினைவூட்டுங்கள்.

எல்லா வண்டிக்கும் ஒரே விடை கிடையாது. பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் செவனுக்கு எஃகுச் சக்கரம், நல்ல கிராங்க், படிப்படியாகப் பிடிக்கும் கிளட்ச் மூன்றையும் சேர்த்துப் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் இலகுவாக்கலாம். சேற்று மேடுகளில் ஏறும் டிரையல் போட்டிக்குப் போகிறவருக்கு ஃப்ளைவீலின் கனம் நண்பன். பின்சக்கரம் வழுக்கும் இடத்தில் மெதுவாக, விடாமல் இழுப்பது அதுதான். குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் வண்டிக்கு, விளிம்பில் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் ஏழில் ஒரு பங்கு எடுத்தால் போதும் என்பது என் முடிவு. கியர் இனிமையாக விழும், புறப்பாடு கெடாது. தொழிற்சாலை எண்களோடு முழுதாகத் தப்பிப் பிழைத்த வண்டியாக இருந்தால் அதன் ஃப்ளைவீலை எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்துவிட்டு, இன்னொன்றை வாங்கிக் கடையுங்கள். கடைவதற்கு முன்னும் பின்னும் தராசில் நிறுத்து, அந்த இரண்டு எடைகளையும் வண்டியின் ஏட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்து அந்த என்ஜினைத் திறக்கப் போகிறவருக்கு அது தேவைப்படும்.